பட்டதாரிகளுக்கு மட்டும் ஓர் அட்டை

என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் மொட்டையாக நின்றது. வேதியியலில் பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தையல் பரீட்சை எழுதியவள்கூட அதைப் பெயருக்குப் பின்னால் அச்சடிக்காமல் விடாத காலம் அது. ஆனால் என் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி கிடையாது. காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. மாப்பிள்ளை பி.யூ.சி.யில் கணக்கில் தவறியவர். அவர் பெயர் வெறுமையாக நிற்கும்போது பெண்ணின் பெயரோடு ஒரு பி.எஸ்ஸி. ஒட்டிக்கொண்டிருந்தால் பந்தலில் வேறு பேச்சே இருக்காது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டே முடிவு செய்துவிட்டார்கள். பெண் பத்தாவது வரை படித்தவள் என்று ஊருக்குச் சொல்வதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. மாப்பிள்ளையைவிடப் பெண் உயரமாக இருந்தால் செருப்பைக் கழற்றி நிற்கச் சொல்வார்களே, அது மாதிரி என் படிப்பையும் வாசலில் கழற்றி வைக்கச் சொன்னார்கள்.

உத்திரமேரூர் பக்கத்தில் திருப்புலிவனத்தில் புகுந்த வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றியபோது தட்டில் இருந்த சிவப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். காரத்தைக் கண்டுபிடிக்க அதைவிட மலிவான வழி கிடையாது என்று காஞ்சிபுரம் கல்லூரி ஆய்வகத்தில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள், "பொண்ணு எது வரைக்கும் படிச்சிகீது?" என்று கேட்க, "பத்தாவது" என்று என் மாமியார் சொன்னது காதில் விழுந்தது. நான் மட்டும் அந்தத் தட்டில் காரம் கொஞ்சம் தூக்கல் என்று நினைத்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்தேன்.

கனவு காண்பதில் நான் கெட்டிக்காரி. உலையில் அரிசி கொதிக்கும்போது எனக்கு ஆய்வக அடுப்பின் நீலச் சுடர் தெரியும். புளி கரைத்த கையைப் பார்த்தால் பியூரெட் குழாயின் நுனியிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்து, ஏதோ ஒரு சொட்டில் குடுவை முழுக்க இளஞ்சிவப்பாகிற அந்த ஒரு கணம் ஞாபகம் வரும். அப்படி நின்று நின்று பால் பொங்கி வழிந்த நாட்கள் நிறைய. "இந்தப் பொண்ணு எங்க கீது, மனசு எங்க கீது!" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். திட்டுவதில் கூட அவருக்கு ஒரு வாஞ்சை இருந்தது. நல்ல மனுஷி. வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என் கோபத்துக்கு இருந்த பெரிய இடைஞ்சல். யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அம்மியின் மேல் காட்டினேன். வீட்டில் அரைத்த சட்னியெல்லாம் வெண்ணெயாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. சம்பா அறுத்து முடிந்து, வயலில் தாள் மட்டும் நின்ற மாசி மாதம். காற்றில் எந்நேரமும் வைக்கோல் தூசி மிதக்கும். மத்தியானத்தில் வெளியே பார்த்தால் ஊரே மஞ்சள் துணி வழியாகத் தெரிவது போல இருக்கும். அப்படி ஒரு மத்தியானத்தில் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளி வாத்தியார் அரசாங்கப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வண்டிக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த மாமனார் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார். நான் சமையற்கட்டு ஜன்னல் பக்கம் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தேன். பேச்சு அப்படியே கேட்டது.

ஒவ்வொருவராக எழுதிக்கொண்டு வந்த வாத்தியார், "மருமகப் பொண்ணு படிப்பு?" என்றார்.

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "பத்தாவது."

என் கையில் கீரைக் காம்பு ஒடிந்தது. ஊருக்குச் சொன்னது சரி, உறவுக்குச் சொன்னது சரி, அரசாங்கத்துக்குமா?

வாத்தியார் எழுதி முடித்துவிட்டுப் பையிலிருந்து அட்டைக் கட்டு ஒன்றை எடுத்தார். "இந்த வூட்ல டிகிரி படிச்சவங்க, டிப்ளமா படிச்சவங்க யாராச்சும் கீறாங்களா? அவங்களுக்குன்னு தனியா ஒரு அட்டை கீது."

"அது இன்னாத்துக்கு?"

"நாட்டுல சயின்ஸ் படிச்சவங்க, இன்ஜினீருக்குப் படிச்சவங்க எத்தினி பேரு, இன்னா வேல பாக்கறாங்க, ஆராய்ச்சி பண்றாங்களா, சும்மா கீறாங்களான்னு டில்லிக்குத் தெரியணுமாம். அத்த வச்சித்தான் ஆராய்ச்சிக்கு எவ்ளோ ஒதுக்கறது, எத்தினி பேருக்கு வேல குடுக்கறதுன்னு முடிவு பண்ணுவாங்களாம்."

"சும்மா கீறவங்களக் கூடவா எண்றாங்க?"

"அவங்களத்தான் மொதல்ல எண்ணணும். இப்ப நீங்க நட்டீங்களே ஐ.ஆர். இருபது நெல்லு, அது இன்னா வானத்துல இருந்தா விழுந்துச்சி? இந்த மாதிரி படிச்சவங்க கண்டுபிடிச்சதுதான்."

"அப்டியா? அப்போ அதுல பூச்சி விழுதே, அத்தயும் அந்த அட்டையில எழுதிக் கேளு" என்றார் மாமனார். வாத்தியார் சிரித்துக்கொண்டே அட்டைக் கட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். அடுத்த மாதம் முதல் வாரத்தில் இன்னொரு முறை வருவதாகவும், நடுவில் வீட்டில் பிறப்பு இறப்பு இருந்தால் அப்போது சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு கனவு கிடையாது. டில்லியை நான் பார்த்ததில்லை. ஆனால் டில்லியில் ஒரு நீளமான கூடம் தெரிந்தது. கூரையிலிருந்து தொங்கும் மின்விசிறிகள், நீளமான மேசைகள், கதர்ச் சட்டை போட்ட ஒரு குமாஸ்தா. நாடு முழுவதிலிருந்தும் அட்டைகள் வந்து குவிகின்றன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒரு கோடு போடுகிறார். வேதியியலுக்கு ஒரு கோடு, தாவரவியலுக்கு ஒரு கோடு. என்னோடு படித்தவர்களில் ஒருத்தி கல்பாக்கம் பக்கம் வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்கு ஒரு கோடு விழுகிறது. இன்னொருத்தி கும்மிடிப்பூண்டியில் சும்மா இருக்கிறாள். அவளுக்கும் ஒரு கோடு. பிறகு அவர் நிமிர்ந்து, உத்திரமேரூர்ப் பக்கம் ஒருத்தர் இருக்க வேண்டுமே என்று மேசைக்கு அடியில் குனிந்து தேடுகிறார். நான் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறேன், அவருக்குத் தெரியவில்லை. பகலில் பாத்திரம் துலக்கும்போதுகூட இதே காட்சிதான். அழுகை வரும், சிரிப்பும் வரும். வேலை கிடைக்கும் என்ற பேராசையெல்லாம் எனக்கு இல்லை. இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நாடு ஒரு கணக்குப் போட்டால், அதில் நானும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது மட்டும் வெறி மாதிரி வேண்டியிருந்தது.

யார் படித்தவர் என்று எழுதி வைப்பது எங்கள் பக்கத்துக்குப் புது விஷயமும் இல்லை. உத்திரமேரூர் கோயில் சுவரில் சோழர் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்: சபைக்கு நிற்பவனுக்கு இவ்வளவு நிலம் வேண்டும், இந்த வயசு வேண்டும், இன்ன படிப்பு வேண்டும் என்று. பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாக அழைத்துப்போய் அதைக் காட்டி, உலகத்துக்கே தேர்தல் சொல்லிக் கொடுத்த ஊர் என்று மார்தட்டுவார்கள். எனக்குத் தெரிந்து அதில் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கல் போகட்டும், அட்டையிலாவது வரலாம் என்று பார்த்தால் அதற்கும் மாமனார் குறுக்கே படுத்துக்கொண்டார்.

என் கணவரிடம் பேசிவிடுவது என்று ஒருநாள் துணிந்தேன். அவர் கிணற்று மேட்டில் ஆயில் இஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இஞ்சின் என்றால் அவருக்கு உயிர். கணக்கில் தவறியவர் என்று ஊர் சொன்னாலும் அந்த இஞ்சின் அவரிடம் எந்தக் கணக்கையும் கேட்டதில்லை. நான் கொண்டுபோன மோரை வாங்கிக் குடித்தார். நான் போகாமல் நின்றதைப் பார்த்து, "இன்னா?" என்றார்.

"எனக்கு அந்த அட்டை வேணும்."

"எந்த அட்டை?"

சொன்னேன். வாத்தியார் வந்தது, மாமா பத்தாவது என்றது, எல்லாம். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த அட்டை வந்தா வேல வருமா?"

"வராது."

"பணம் வருமா?"

"வராது."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"நான் படிச்சது பொய்யில்லன்னு எங்கயாச்சும் ஒரு எடத்துல இருக்கணுங்க" என்றேன். அவர் ஒரு திருகாணியை எடுத்து வாயால் ஊதி, திரும்பக் கீழே வைத்தார். பத்திரிகையில் என் பட்டத்தை எடுத்தபோதும் இந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்து, காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு வரப்பில் விடுவிடுவென்று நடந்து வந்தேன். அவர் வாயைத் திறப்பது இஞ்சினுக்குக் கெரசின் ஊற்றும்போது பக்கத்தில் பீடி பிடிப்பவனைத் திட்டத்தான் என்று மனதுக்குள் வைதுகொண்டே வந்தேன்.

வாத்தியார் இரண்டாவது முறை வந்த அன்று களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தார்கள். போரடித்துத் தூற்றிய நெல் நடுக்களத்தில் பொலியாகக் குவிந்திருந்தது. மாமனார் மரக்காலோடு குந்தியிருந்தார். என் கணவர் கோணிப்பையின் வாயைப் பிடித்திருந்தார். கூலி நெல்லுக்காகக் காலனி ஆட்கள் ஓரமாக நின்றார்கள். பக்கத்துக் களத்துக்காரர்களும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நான் கூழ்ப்பானையை இறக்கி வைத்துவிட்டுப் புங்க மரத்தடியில் நின்றேன்.

நெல் அளக்கும்போது அளப்பவர் எண்ணிக்கையை ராகம் போட்டு இழுத்துச் சொல்லிக்கொண்டே போவார். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். அதற்குப் பிறகு ரெண்டு, மூணு. நடுவில் அவர் வாயில் வேறு சொல் வரக்கூடாது. வந்தால் லட்சுமி கோபித்துக்கொள்வாள். பையை அவிழ்த்துக் கொட்டி மறுபடி லாபத்திலிருந்து தொடங்க வேண்டும். வீடே பற்றி எரிகிறது என்று சொன்னாலும் மாமனார் அடுத்த எண்ணைத்தான் சொல்வார். வாத்தியார் படித்தவர்தான், ஆனால் அளக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். அதனால் என் கணவர் பக்கம் திரும்பினார்.

"நான் போன தபா வந்து போனப்பறம் வூட்ல சேக்க வேண்டியது, கழிக்க வேண்டியது ஏதாச்சும் கீதா தம்பி?"

"நாலேய்..." என்றார் மாமனார்.

என் கணவர் பையின் வாயை விடாமலே சொன்னார். "ஒண்ணு சேக்கணும் சார்."

"பொறந்ததா?"

"அஞ்சேய்..."

"பொறந்து வளந்து படிச்சதும் ஆச்சி. எங்க வூட்ல ஒரு பி.எஸ்ஸி. கீது. கெமிஸ்ட்ரி. போன தபா வுட்டுப் போச்சி."

தூற்றிக்கொண்டிருந்த பெண் முறத்தை அப்படியே பிடித்து நின்றாள். வாத்தியாருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் பிடிபடவில்லை. "யாரு?" என்றார்.

"என் சம்சாரம். பத்தாவதுன்னு எழுதினது தப்பு. அது டிகிரி. நான்தான் பி.யூ.சி. பெயில்."

பக்கத்துக் களத்துக்காரர் ஒருவர் உச்சுக் கொட்டினார். என் கணவரின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. ஆனால் பையின் வாய் கொஞ்சமும் சரியவில்லை. எனக்கு அந்தப் புங்க மரத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அந்தக் களத்தில் அத்தனை பேர் முன்னால் அவர் கழற்றி வைத்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

மாமனார் மரக்காலைத் தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. "அஞ்சேய்..." என்றார் மறுபடியும். இரண்டு முறை ஐந்து சொல்லியாகிவிட்டது. அவருக்கே அது உறைத்தது. எண்ணிக்கை தவறிவிட்டது. அவர் ஆயுசில் அப்படி நடந்ததை யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"கொட்றா" என்றார் மகனிடம். என் கணவர் பையைக் கவிழ்த்தார். நெல் சரிந்து பொலியோடு கலந்தது. வாத்தியார் பழைய வரியில் பத்தாவதை அடித்துத் திருத்திவிட்டு, பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து, மரத்தடிக்கு வந்து என் கையில் கொடுத்தார். அப்போது பின்னால் மாமனாரின் குரல் கேட்டது. "லாபேய்..." நல்ல சகுனம் என்று நினைக்கக் கூடாது என்று படிப்பு சொன்னது. நினைத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் அப்பாவும் பிள்ளையும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த நாளும் இல்லை. நைனா என்று அவர் கூப்பிட்டால் மாமனார் மாட்டைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் அட்டையைப் பூர்த்தி செய்தேன். என்ன படித்தேன், எந்த வகுப்பில் தேறினேன் என்பதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றது. ஆராய்ச்சி இல்லை. கற்பித்தல் இல்லை. தொழிற்சாலை இல்லை. வேலை இல்லை என்று எழுதினேன். உள்ளே கீரை வேறு கொதித்துக்கொண்டிருந்தது. வேலை தேடுகிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதிவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தேன்.

மாமியார் பார்த்துவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். "டில்லிக்கா போவுது?" என்றார். ஆமாம் அத்தை என்றேன். உள்ளே போய்ச் சாமி மாடத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளைத் தொட்டு வந்து, அட்டையின் நான்கு மூலையிலும் வைத்தார். நல்ல காரியத்துக்காக வீட்டை விட்டுப் போகிற எந்தக் காகிதத்தையும் அவர் வெறுமையாக அனுப்பியதில்லை. அரசாங்க அட்டை அத்தை, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். என் கணவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் உத்திரமேரூர் தபாலாபீசுக்குப் போனார். தபால்தலைகூட ஒட்ட வேண்டாம். நான் வாசலில் நின்றேன். ஏரிக்கரையில் அவர் சைக்கிள் சின்னதாகிக்கொண்டே போனது. தண்ணீர் வெள்ளையாகத் தகதகவென்று இருந்ததில் கரை எது, வானம் எது என்று தெரியவில்லை. மேகத்துக்குள்ளேயே அவர் மிதித்துக்கொண்டு போவது போல எனக்குத் தோன்றியது.

டில்லியிலிருந்து பதில் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கனவுக் கூடத்தில் அந்தக் குமாஸ்தா ஒரு நாள் நிமிர்ந்தார். கையில் மூலையெல்லாம் மஞ்சள் அப்பிய ஓர் அட்டை. அதை முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு கோடு போட்டார். மஞ்சள் அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் சோப்புப் போட்டுக் கை கழுவும்போது அது சிவந்துபோவதைப் பார்த்து அவர் திகைப்பார் என்று நினைத்து, குழாயடியில் தனியாகச் சிரித்தேன். எங்கோ ஓர் அறிக்கையில் ஒரு பெரிய எண்ணின் கடைசி இலக்கத்தில் நான் இருந்தேன். அதற்குப் பிறகு அம்மியில் அரைத்த சட்னி கொஞ்சம் நறநறக்க ஆரம்பித்தது.

மாமனார் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமா, வெட்கமா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து என் நாத்தனாருக்குக் கல்யாணம் முடிவானது. பத்திரிகை அடிக்க அவரே காஞ்சிபுரம் போனார். யாரையும் கூட அழைக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து கட்டோடு இறங்கி வந்து, அதை என் முன்னால் வைத்து, "படிச்சிப் பாரு, தப்பு கிப்பு கீதான்னு" என்றார். அந்த வீட்டில் அவர் என்னைப் படிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

படித்தேன். தங்கள் வரவை எதிர்பார்க்கும் என்று போட்டு, கீழே எங்கள் இருவர் பெயரும் இருந்தது. கணவர் பெயர் வெறுமையாக. பக்கத்தில் என் பெயர். அதன் பின்னால் பி.எஸ்ஸி. அதோடும் நிற்கவில்லை. ஒரு கமா போட்டு, டில்லி என்று அச்சாகியிருந்தது.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. வெளியூரில் பட்டம் வாங்கியவர்கள் பெயருக்குப் பின்னால் லண்டன், பெனாரஸ் என்று போட்டுக்கொள்வதை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார். டில்லிக்காரர்கள் அட்டை அனுப்பிக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்ட படிப்பு என்பதால், அது டில்லிப் படிப்பு ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். பத்தாவதுக்கு இறக்கிய அதே மனிதர் இப்போது என்னைத் தலைநகரத்தில் ஏற்றி வைத்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பு ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். எத்தனை பாடம் படித்தவள் நான், அந்தத் தப்பைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. மாமியார் மஞ்சள் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து மூலைகளில் மஞ்சள் வைத்தோம்.

கல்யாணத்தன்று பந்தலில் பழையசீவரத்துச் சம்பந்தி ஒருவர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டேவிட்டார். "இன்னாம்மா, டில்லியிலயா படிச்சே?"

பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற மாமனார் என்னை முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"படிச்சதெல்லாம் காஞ்சிபுரத்துலதான். அது எனக்குத் தெரியாதா? ஆனா கணக்கு டில்லில கீது."